மூன்றாவது வட்டம்

மோனிஷா ஒரு நீளமான ஆங்கிலச் சொல்லில் இடறி நின்றாள், பின்னால் போய் மறுபடி ஓடி வந்தாள், மறுபடி இடறினாள். விடு, அந்தச் சொல் வேண்டாம், மேலே போ, என்று குழலி முனகினாள். சொல்லில் என்ன இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிற ‘ஆனால்’தான் முக்கியம், சட்டப் பகுதியில் எல்லாக் கேள்வியும் ஏதாவது ஒரு ‘ஆனால்’ பக்கத்தில்தான் ஒளிந்துகொண்டிருக்கும், அது எங்கே வருகிறது என்று காதை வைத்துக்கொண்டிருந்தால் போதும். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு பொறியியல் கல்லூரியின் வரைபடக் கூடம். மேசையெல்லாம் சாய்வு. கேள்வித்தாள் வழுக்கிக்கொண்டே வந்து மடியில் விழுந்தது, மோனிஷா முழங்கையால் அணை போட்டுக்கொண்டு படித்தாள். விடைத்தாளை மட்டும் மேற்பார்வைக்கு வந்திருந்த மேடம் ஒரு கிளிப் போட்டு மேசையோடு மாட்டிக் கொடுத்திருந்தார். ஸ்டூல் உயரம். தேர்வு தொடங்கியதிலிருந்து குழலியின் கால்கள், பல் டாக்டரிடம் கூட்டிப்போன குழந்தையின் கால்களைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. பார்வையுள்ளவர்கள் மாடியில் வரிசை வரிசையாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஆள் வைத்து எழுதுகிறவர்களுக்குக் கீழே இடம், பேச்சுச் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று. இங்கே குழலியும் மோனிஷாவும், தூரத்து மூலையில் இன்னொரு ஜோடி, ஜன்னல் பக்கம் மேடம். ஜன்னல் எந்தப் பக்கம் என்று குழலிக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கிறது என்பது வரைக்கும் அவள் கண்களுக்குத் தெரியும், அதில் என்ன இருக்கிறது என்பது பிறந்ததிலிருந்தே தெரியாது. மேடம் தன் மாணவர்களின் விடைத்தாள்களைக் கொண்டுவந்து திருத்திக்கொண்டிருந்தார். பக்கம் புரளும் சத்தம், நீளமாக ஒரு கோடு, அது தப்பு. சின்னதாக ஒரு கொக்கி, அது சரி. தப்புக்கு இழுக்கிற கோடு எப்போதும் நீளம்தான்.

மோனிஷா அவளுடைய கை. விதிமுறை அப்படித்தான் சொல்கிறது, கேள்வியைப் படித்துக் காட்டவும் சொன்ன விடையை நிரப்பவும் ஓர் ஆள், அந்த ஆள் தேர்வு எழுதுபவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். அப்பாவோடு பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் ஞானப்பிரகாசத்தின் மகள், பதினொன்றாம் வகுப்பு, கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். மழைக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து பழைய வினாத்தாள்களைப் படித்துக் காட்டினாள். முதலில் சரியான விடை வரும்போது அவள் குரல் தானாக ஏறும். “நாலையும் ஒரே மாதிரி படி மோனி.” “ஒரே மாதிரிதான்க்கா படிச்சேன்.” “மூணாவது வந்தப்ப சிரிச்சியே.” “நான் எங்க சிரிச்சேன்?” “நீ சிரிக்கல, குரல் சிரிச்சிச்சு.” அப்புறம் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிப் படிக்கப் பழகிவிட்டாள், எந்த வண்டி எவ்வளவு தாமதமானாலும் வருத்தப்படாத குரல். தட்டுவதும் அந்த ஞாயிறுகளில் வந்ததுதான். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நான்கு வட்டம், இடமிருந்து வலமாக. குழலி விடையைச் சொன்னதும் மோனிஷா முதல் வட்டத்திலிருந்து தொடங்கி நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவாள், எந்த வட்டத்தில் தட்டல் நிற்கிறதோ அங்கே பேனா உரசும். முதல் வட்டம் என்றால் ஒரு தட்டு, நான்காவது என்றால் நான்கு. தேர்வு தொடங்கியதும் மேடம் கேட்டார், “என்ன அது தட்டிக்கிட்டே இருக்கே?” “நான் சொன்ன எடத்துலதான் போடறாளான்னு கேட்டுக்கறேன் மேடம்.” “அட, அவ மேல நம்பிக்கை இல்லையா?” என்று சிரித்தார். நம்பிக்கை இருக்கிறது, அதனால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இல்லாவிட்டால் எதற்குக் கேட்கவேண்டும். விடுதிப் பள்ளியில் புள்ளி எழுத்து கற்றுக்கொண்டபோது வலமிருந்து இடமாகக் குத்துவார்கள், தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பார்கள். ஓர் அறை முழுக்கப் பிள்ளைகள் குத்துகிற சத்தம், தகரத்தில் விழுகிற தூறல். அதில் தன்னுடைய குத்தை மட்டும் பிரித்துக் கேட்கத் தெரியாவிட்டால் எங்கே நிறுத்தினோம் என்று தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் எழுதியதெல்லாம் அவள் எழுதியது. தப்பும்தான். தப்பாகக் குத்திய புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்து மட்டமாக்க வேண்டும், ஆனாலும் ஒரு சின்ன மேடு விரலுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும், அது அவளுடைய மேடு.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அந்த விதி இல்லை, எழுத ஓர் ஆசிரியை வந்தார். வேறு பள்ளிக்கூடம், பெயர் வேதநாயகி, முகப்பவுடர் வாசனை, பேசும்போது ராசாத்தி ராசாத்தி என்று தோளைத் தட்டுவார். குழலி சொல்லச் சொல்ல எழுதினார், நன்றாகத்தான் எழுதினார். தமிழ்த் தேர்வு முடிந்து வெளியே வரும்போது காதருகில் குனிந்து, “அங்கங்க கொஞ்சம் மெருகு போட்டிருக்கேன் ராசாத்தி, ஒண்ணும் சொல்லிக்காதே” என்றார். குழலி நன்றி டீச்சர் என்றாள். அந்த நன்றியைத்தான் இன்றுவரைக்கும் விழுங்க முடியவில்லை. எங்கே மெருகு, எந்தக் கேள்வியில், வரலாற்றிலும் போட்டாரா, ஆங்கிலத்தில் போட்டாரா, ஒரு கேள்விக்கு நான் தெரியாது விட்டுவிடுங்கள் என்றேனே அதை விட்டாரா எழுதினாரா. முடிவு வந்தபோது மாவட்டத்திலேயே பேசினார்கள், செய்தித்தாள்காரர்கள் வந்தார்கள், அப்பா லட்டை ஊட்டினார், இன்னொரு முறை ஊட்டச் சொன்னார்கள், படம் சரியாக விழவில்லையாம், இன்னொரு முறை ஊட்டினார். வாயில் லட்டை வைத்துக்கொண்டு அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, இதில் என்னுடையது எவ்வளவு. கேட்டால் சிரிப்பார்கள். உனக்கென்ன குறை, மார்க் வந்துவிட்டது இல்லையா. வந்துவிட்டது. யாருக்கு வந்தது என்பதுதான் கேள்வி. எண்பது அவளுடையதும் பதினைந்து வேதநாயகியுடையதுமாக இருக்கலாம், தொண்ணூற்றைந்தும் அவளுடையதாகவே இருக்கலாம், அந்த அம்மாள் சும்மா பெருமைக்குச் சொல்லியிருக்கலாம். இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. யாரோ வந்து சாமானெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போன வீட்டில், வைத்த இடத்தில் எதுவும் இல்லாமல், கையை நீட்டி நீட்டித் தேடுகிற மாதிரி இருந்தது அந்த மதிப்பெண்ணோடு வாழ்வது.

“அக்கா, அடுத்த பத்தி போகட்டா?” போ. மோனிஷா எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். கூட்டு வன்புணர்ச்சி வழக்கோ கோயில் வழக்கோ வரும் என்று பயந்தாள் குழலி, அதெல்லாம் படிக்கும்போது மோனிஷாவின் குரல் சுருங்கிப்போகும். வந்தது ஒப்பந்தம் பற்றி, சுலபம், மூன்று தட்டு, ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. எல்லாம் சொன்னபடி. சட்டம் படிக்கிறேன் என்றபோது அப்பாவின் நண்பர்கள் எல்லாரும் ஒரே நகைச்சுவையைத்தான் சொன்னார்கள், நீதி தேவதையே கண்ணைக் கட்டிக்கொண்டுதானே நிற்கிறாள், உனக்கென்னம்மா பொருத்தம். ஒவ்வொருவரும் தான்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரிச் சொன்னார்கள். அவளாகக் கட்டிக்கொண்டாள் மாமா, அவிழ்க்க நினைத்தால் அவிழ்க்கலாம், என்று ஒருமுறை சொல்லிவிட்டாள், அதோடு அந்த மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சென்னை அத்தை வேறு மாதிரி. “சாட்சி கூண்டுல நின்னு முழிக்கிறதை நீ எப்படிடி பார்ப்பே?” “முழியைப் பாத்து ஏமாந்தவங்கதான் அத்தை அதிகம். பொய் சொல்றவங்களுக்குத் தொண்டை காயும். எச்சில் முழுங்கற சத்தம் கேக்கும்.” அத்தை அதன் பிறகு அவளிடம் பேசும்போதெல்லாம் எச்சில் விழுங்காமலே பேசினாள். ஆனால் சட்டம் என்று அவள் மனத்தில் விழுந்தது அதற்கெல்லாம் முன்னால், உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்கப் போன வங்கியில். அட்டையில் வெட்டிய சந்துக்குள் பேனாவை விட்டுக் கையெழுத்துப் போட ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பழகியிருந்தாள், கு-வின் சுழி மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். அங்கிருந்த மேலாளர், “கைநாட்டு வெச்சுடட்டும், நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டுடுங்க, பாப்பாவுக்கு அதான் பாதுகாப்பு” என்றார். “எந்த விதியில சார் அப்படி இருக்கு?” அவள் கேட்டது அவரிடம். பதில் வந்தது அப்பாவுக்கு. “பாப்பா ரொம்ப சூட்டிகை சார்.” அப்பா சிரித்தார். மை வைக்கும்போது அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியது அப்பாதான். மேலாளர்மேல் அவளுக்குக் கோபமே இல்லை.

அப்பாமேல் கோபப்படுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். ஓட்டலில் பரிமாறுகிறவர் பாப்பாவுக்கு என்ன என்று கேட்பார், அப்பா பொங்கல் என்பார், அவளுக்குப் பொங்கல் பிடிக்கும் என்பதுதான் அதிலே கஷ்டம். விண்ணப்பம் போட்ட அன்றும் அப்படித்தான். கணினி வாசித்துக் காட்டக் காட்ட எல்லாவற்றையும் அவளே நிரப்பிக்கொண்டு வந்தாள், ஓர் இடத்தில் படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்து அப்படியே அடிக்கவும் என்றது. மனிதர்தான் என்று நிரூபிக்கவாம். அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா மனிதர் என்று நிரூபித்தார், நிரூபித்த கையோடு அடுத்த பக்கத்தையும் நிரப்பிவிட்டு, “முடிஞ்சிச்சு பாப்பா” என்றார். முடிந்ததை அவள் மறுபடி வாசிக்க விட்டபோது கல்லூரிகளின் விருப்ப வரிசையில் திருச்சி முதலில் வந்தது, கொல்கத்தா கடைசியில். “யாருப்பா இதை மாத்தினது?” “உள்ளூர்லயே ஒண்ணு இருக்கும்போது அவ்ளோ தூரம் எதுக்குன்னுதான்...” “உள்ளூர்ல இருக்குங்கறதாலதான்ப்பா.” அவருடைய நாற்காலியின் கை கிரீச்சிட்டது. வரிசையை அவள் திரும்ப மாற்றினாள். கொல்கத்தாவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஊர் மொழி தெரியாது, விடுதியின் மாடிப்படி எத்தனை, திரும்பும் இடத்தில் கைப்பிடி உண்டா, கடுகெண்ணெய் வாசனை குமட்டுமா, காய்ச்சல் வந்தால் யார். ஒரு நாள் போன் வந்து அப்பாவுக்கு என்னவோ என்று சொன்னால் எந்த ரயிலில், யார் கையைப் பிடித்துக்கொண்டு. இதையெல்லாம் நினைத்தால் பயம்தான். இருக்கட்டும். பயமாக இருக்கிறது என்பதற்காகப் போகாமல் இருந்தால் அவள் எங்கேயுமே போயிருக்க முடியாது, தெருமுனைக் கடைக்குக்கூட. அங்கே போக மதிப்பெண் வேண்டும். ஒதுக்கீட்டிலும் இடம் கையளவுதான். தப்புக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள். ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஒரு கூட்டமே நிற்கும் என்று இணைய வகுப்பு எடுத்த சார் கத்துவார், ஒரு கேள்வி போனா ஒரு ஊர் தூரம் பின்னாடி போவீங்க. அது சரி. இதுவரை சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. கணக்குப் பகுதி கடைசியில் இருக்கிறது, அதுதான் அவளுக்கு மேடு, அதற்குள் சட்டத்தை முடித்துக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது அத்துமீறல். இன்னொருவர் இடத்துக்குள் அவர் அனுமதி இல்லாமல் நுழைவது அத்துமீறல், நல்ல எண்ணத்தோடு நுழைந்தேன் என்பது பதிலாகாது, ஆனால், இதோ வந்துவிட்டது ஆனால், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் விலக்கு. ஒருவர் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருக்கிறார். அவர் தோட்டத்து மரத்தின் கிளை ஒன்று சுவர்மேல் சாய்ந்திருக்கிறது. அடுத்த வாரம் மழை வரும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறிக் குதித்துக் கிளையை வெட்டி, தோட்டத்தைப் பெருக்கிவிட்டும் வருகிறார். வெளியூர் போனவரின் போன் எண் அவரிடம் இருந்தது. இது அத்துமீறலா. மோனிஷா நான்கு விடைகளையும் ரயில்வே குரலில் படித்தாள். இல்லை, ஏனென்றால் அவர் எதையும் திருடவில்லை. இல்லை, ஏனென்றால் ஆபத்தைத் தடுக்கத்தான் நுழைந்தார். ஆம், ஏனென்றால் அவர் கேட்டிருக்க வழி இருந்தது. நான்காவதில் ஏதோ நஷ்டஈடு. பெருக்கிவிட்டும் வந்தாராம், அதைக் கேட்டதும் குழலிக்கு உள்ளே சிரிப்பு வந்தது, எப்பேர்ப்பட்ட நல்ல மனுஷன், தன் வீட்டுத் துடைப்பத்தையே கொண்டுபோயிருப்பான். அந்த மரத்துக்காரன் ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்து பார்க்கும்போது என்ன நினைப்பான். நன்றி என்பான். வேறென்ன சொல்ல விட்டார்கள். “மூணாவது” என்றாள். ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. பேனா உரசியது. அடுத்த கேள்வியை மோனிஷா படிக்கத் தொடங்கிவிட்டாள், அதே மரம், கிளைக்குப் பதிலாக வேர். குழலி கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்காமலும் இருந்தாள். இரண்டு. ஒருவேளை முதல் தட்டு மேடத்தின் இருமலில் போயிருக்கும். மேடம் இருமவில்லை. நகம் தாளில் படாமல் போயிருக்கும். மோனிஷாவின் நகம் ஒருமுறைகூட அப்படித் தப்பியதில்லை. மூன்று என்று வாயால் சொன்னேனா, இரண்டு என்று சொல்லிவிட்டேனா. நாக்கு மேலண்ணத்தில் இன்னும் மூன்று என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“நிறுத்து மோனி. முன்ன போட்டது எத்தனாவது?” படிப்பு நின்றது. “நீங்க சொன்னதுதான்க்கா.” அவள் எச்சில் விழுங்கினாள். “எத்தனாவது?” மூலையிலிருந்த இன்னொரு ஜோடியின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. மேடத்தின் பேனா ஒரு நீளக் கோட்டை இழுத்துக்கொண்டே போயிற்று. “ரெண்டாவதுக்கா” என்றாள் மோனிஷா, குரல் பள்ளிக்கூடத்துப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தின குரலாக இருந்தது. “ஏன்?” “மழை வரப் போவுதுல்லக்கா, கரண்டுக் கம்பியில விழுந்தா? அவர் நல்லதுக்குத்தானே வெட்டினாரு. நீங்க அவசரத்துல மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்.” கரண்டுக் கம்பி கேள்வியில் இல்லை, அது மோனிஷாவின் கம்பி. “இதுக்கு முன்னாடி எத்தனை மாத்தினே?” “ஒண்ணும் இல்லக்கா. மாதா சத்தியமா இதான் முதல்.” “சத்தியம் வேணாம். உண்டா இல்லையா?” “இல்ல.” நம்பினாள். இதற்கு முன் எல்லாத் தட்டும் கணக்காக இருந்தன. பொய்யாகத் தட்டிவிட்டு வேறு இடத்தில் நிரப்புகிற சாமர்த்தியம் இவளுக்கு இல்லை, இருந்திருந்தால் மூன்று தட்டித் தொலைத்திருப்பாள். அப்புறம் மோனிஷா தானாகவே சொன்னாள், கேட்காமலே, இன்னும் தணிந்த குரலில். “அங்கிள்தான்க்கா சொன்னாங்க. அக்கா ஏதாச்சும் தப்பாச் சொன்னா நீ கொஞ்சம் பார்த்துப் போடும்மா, கணக்குலயாச்சும்னு. வாசல் கேட்டுல உங்களைச் சோதனை பண்ணிக்கிட்டு இருந்தப்ப.” குழலியின் தொங்கிக்கொண்டிருந்த கால்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன. கணக்குலயாச்சும். அந்த ‘ஆச்சும்’ அப்பாவுடையதுதான், இட்லியாச்சும் சாப்பிடு, ஸ்வெட்டராச்சும் எடுத்துக்க. வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பார், உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார், அவள் எழுதி முடிக்கிறவரைக்கும் நின்றுகொண்டே இருப்பது அவருடைய வழிபாடு. சுவரேறிக் குதித்துவிட்டு அங்கே போய் நின்றுகொண்டிருக்கிறார்.

பேசாமல் இருந்துவிடலாம். அந்த எண்ணம் வெகு சாதாரணமாக, செருப்பைக் கழற்றிப் போடுகிற மாதிரி வந்தது. கேட்காத மாதிரி இருந்துவிட்டால் போதும். கணக்குப் பகுதி வரட்டும், தெரியாததற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும், மோனிஷா பார்த்துப் போடுவாள், கணக்கில் முதல். யாரும் சொல்லமாட்டார்கள். கொல்கத்தா கிடைக்கும். கொல்கத்தாவில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, ஓர் இரவு உறக்கம் வராமல், இதில் என்னுடையது எவ்வளவு என்று கணக்குப் போடலாம், அந்தக் கணக்கை எந்த மோனிஷாவாலும் போட முடியாது. மதிப்பெண்ணில் வந்த வேதநாயகி பிறகு தேர்வில் வருவாள், வழக்கில் வருவாள், குழலி ஜெயிக்கிற முதல் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல், பாவம் என்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தாரோ என்று அங்கேயும் வந்து தோளைத் தட்டுவாள். ராசாத்தி. தப்பாகப் போனால் என்ன. தோற்றால் என்ன. இத்தனை வருஷத்தில் முழுசாகத் தோற்கக்கூட ஒருவரும் அவளை விட்டதில்லை. விடுதிப் பள்ளியின் ஓட்டப் பந்தயத்தில் எல்லாருக்கும் முதல் பரிசு, ஆளுக்கொரு சோப்புப் பெட்டி. குழலி கையைத் தூக்கினாள். மேடத்தின் செருப்புச் சத்தம் நிதானமாக வந்தது. “என்னம்மா, தண்ணியா?” “இந்தக் கேள்விக்கு நான் மூணாவது சொன்னேன் மேடம். போட்டிருக்கறது ரெண்டாவது. மாத்தித் தர முடியுமா?” மேடம் குனிந்து பார்த்தார், சீயக்காய் வாசனை. “பேனாவுல போட்டாச்சேம்மா, அழிக்க முடியாதே. நான் எழுதிக் கொடுத்தா விசாரணைம்பாங்க, உன் பேப்பரையே நிறுத்தி வெப்பாங்க.” அப்புறம் குரலை அவளுக்கு மட்டும் கேட்கும்படி இறக்கிக்கொண்டார். “விடும்மா. இத்தனை கேள்வியில ஒண்ணு. புள்ள கேள்வியைக் கண்ணால பார்த்துட்டுத்தானே போட்டிருக்கு, சரியாத்தான் இருக்கும். உனக்கு நல்லதுதானே?” “இருக்கலாம் மேடம்” என்றாள் குழலி. “அப்புறம் என்ன?” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் ஜன்னல்வரைக்கும் போய் ஓய்ந்தது. ஒரு பக்கம் புரண்டது.

“மோனி. அதே கேள்வியில மூணாவதையும் நிரப்பு.” “அக்கா?” “மூணாவது.” “ரெண்டு வட்டம் போட்டா தப்புல சேர்த்துடுவாங்கக்கா. மைனஸ் போயிடும்.” “தெரியும்.” “ரெண்டுல ஏதோ ஒண்ணு சரிதானேக்கா. இப்ப எதுவும் இல்லாமப் போயிடும்.” அது நியாயமான வாதம், மோனிஷா நன்றாகத்தான் பேசுகிறாள், இவளும் சட்டம் படிக்கலாம். மூன்றாவதுதான் சரி என்று குழலிக்கு ஏறக்குறைய நிச்சயம், போன் எண் இருந்ததே, ஒரு போன் போட எவ்வளவு நேரமாகும். சரியாகச் சொன்ன ஒரு மதிப்பெண் கண்முன்னே, அவளுக்கு இல்லாத கண்முன்னே, போகிறது, கூடவே ஒரு காலும். ஒரு ஊர் தூரம். விஜயவாடா போகும், விசாகப்பட்டினம் போகும், ஒரிசாவில் ஏதோ ஒரு நிலையத்தில் வண்டி நின்றுவிடும். நிற்கட்டும். அடுத்த வருஷமும் தேர்வு உண்டு. “தட்டு” என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தட்டுக்குப் பிறகு பேனா தயங்கியது, பிறகு உரசியது, நீண்ட நேரம் உரசியது, மோனிஷா எந்த வேலையைச் செய்தாலும் சுத்தமாகச் செய்கிறவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “வீணாப் போச்சுக்கா.” “ஆமா. நான்தான் ஆக்கினேன். நீ அழாதே, தாள் நனையும்.” மோனிஷா அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ செய்தாள். “அங்கிள் கேட்டா என்னக்கா சொல்றது?” “நான் சொல்லிக்கறேன். அவருக்கு நான்தான் சொல்லணும்.” அப்பா, அடுத்த தடவை போன் பண்ணுங்கள் என்று தொடங்கலாம். வேரைப் பற்றிய கேள்வியை முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். நான்கு தட்டு.

பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்துக்கு அவள் மனத்தில் வேறெதுவும் இல்லை, குரலும் தட்டும் மட்டும், எங்கோ மாடியில் நாற்காலிகள் நகர்ந்தன, பார்வையுள்ளவர்களுக்கு முடிந்துவிட்டது, ஆள் வைத்து எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு. படிகளில் கூட்டமாக இறங்கினார்கள், அந்த மரக் கேள்விக்கு என்னடா போட்டே என்று ஒரு குரல் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று, பதில் கேட்கவில்லை. வெளிச்சம் ஜன்னலில் தணிந்திருந்தது. கணக்கு வந்தது. ஏதோ ஒரு நூலகம், அதில் இத்தனை விழுக்காடு பெண்கள், அதில் இத்தனை பங்கு மாணவிகள், அட்டவணை ஒன்று, அட்டவணையை வாயால் படித்தால் அது அட்டவணையாக இருக்காது, தலைக்குள் நான்கு சுவர் எழுப்பி ஒவ்வொரு எண்ணையும் ஒரு மாடத்தில் வைக்கவேண்டும், ஐந்தாவதை வைக்கும்போது முதலாவது உருண்டு விழும். தெரியாத இரண்டை விடச் சொன்னாள். “இது எனக்கு...” என்று தொடங்கி மோனிஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசிக் கேள்வி. “திரும்பப் படி. மெதுவா.” விரல்களைத் தொடையில் மடக்கி மடக்கிப் போட்டாள், மீதத்தைச் சுண்டுவிரலில் வைத்தாள், சுண்டுவிரல் எதற்கு என்று மறந்து மறுபடி முதலிலிருந்து வந்தாள். “நேரம் ஆகுதும்மா, முடிச்சுக்கங்க” என்றார் மேடம். வந்த எண் விடைகளில் முதலாவதாக இருந்தது. அவளே போட்டது, விரலில் இன்னும் சூடாக இருந்தது. “முதல் வட்டம்” என்றாள். தட்டு வரவில்லை. மோனிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன உடம்பு முழுவதும் பக்கத்து ஸ்டூலில் விறைத்துப்போய், சொல்லாதே சொல்லாதே என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தோளில் தெரிந்தது. அப்படியானால் முதலாவது இல்லை. குழலிக்கு அது தெளிவாகக் கேட்டுவிட்டது. இரண்டாவதா என்று சும்மா கேட்டால் போதும், மூச்சு விடுபடுகிறதா பார்த்துக்கொண்டு மாற்றிச் சொல்லிவிடலாம், மோனிஷா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவள்மேல் குற்றமில்லை, யார்மேலும் இல்லை. ஒருவேளை மோனிஷாவுக்கும் தப்பியிருக்கலாம். “முதல்தான் மோனி” என்றாள். “போடு.”

நகம் தாளில் விழுந்தது. ஒரு தட்டு. குழலி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாவது தட்டு வரவில்லை. பேனா உரசத் தொடங்கியது.